கலத்தைத் திறக்கும் கருவிகள்



2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கிக் கல்முனைக் கரையை மூடியதை நம்மில் எவரும் மறந்திலர். அன்று மீட்கப்பட்ட ஆண் குழந்தையொன்று கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. அனுமதிப் பதிவிலே அதற்குக் கிடைத்த எண் 81. தன் பெயரைச் சொல்லும் பருவமே எய்தாத அக்குழந்தையை உலகச் செய்தித்தாள்கள் அவ்வெண்ணாலேயே அழைத்தன. தாமே பெற்றோர் என ஒரு தம்பதியர் வந்தனர். வேறு பலரும் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. விடயம் கல்முனை நீதிமன்றத்தை அடைந்தது. மன்றின் கட்டளைப்படி டீ.என்.ஏ. பரிசோதனை நடைபெற்றது. 2005 பெப்ரவரி 14 ஆம் நாள் அதன் முடிவு வெளியாயிற்று. அத்தம்பதியரே பெற்றோர் என்பது ஐயமின்றித் தெளிந்தது. இரு நாட்களின் பின் குழந்தை தாயின் மடியை அடைந்தது.

கூண்டில் ஏறாமலே சாட்சி சொன்ன அந்த டீ.என்.ஏ. எங்கே இருந்தது? கண்ணுக்குத் தெரியாத கலத்தினுள்ளே, அக்கலத்தின் கருவினுள்ளே பொதிந்திருந்தது. அதனை ஆராயவேண்டுமாயின் முதலிற் கலத்தைத் திறக்கவேண்டும். உயிரியல் ஆய்வுகள் பலவற்றுக்கும் இதுவே தலைவாசல். எனினும் இவ்வேலையைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆதலால் இன்று அதனையே நம் பொருளாகக் கொள்வோம்.

நெல் குற்றுவதை எண்ணிப் பாருங்கள். ஆலைகள் பெருகுமுன் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களின் நெல்லெல்லாம் உரலிலேதான் உமி நீங்கியது. உலக்கை மெல்ல விழுந்தால் உமி கழலாது; அளவுக்கு மிஞ்சி விழுந்தால் அரிசி நொறுங்கிக் குறுநொய்யாகும். உமி உடையவேண்டும், அரிசி உடையலாகாது. ஆய்வுகூடத்தாரின் சிக்கலும் இதுவே. உறை உடையவேண்டும், உள்ளிருக்கும் பொருள் கெடலாகாது.

உறையும் எல்லாவற்றுக்கும் ஒன்றன்று. மனிதர், விலங்குகளின் கலங்களுக்குக் கொழுப்பாலான மெல்லிய சவ்வே எல்லை. எண்ணெய்ப் பாத்திரத்தைத் துலக்கும் சவர்க்காரம் போன்ற ஒரு பொருளே அதனைக் கரைத்துவிடும். தாவரக் கலத்துக்கோ சவ்வின் வெளியே செலுலோசுச் சுவரும் உண்டு. பாண் மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் எனும் மதுவத்துக்கும் பற்றீரியாக்களுக்கும் சுவர்கள் உண்டு.

அம் மதுவத்தின் சுவரை உடைத்தே ஒரு பெரிய வழக்குத் தீர்க்கப்பட்டது. உயிருள்ள கலமின்றி நொதித்தல் நிகழாது என்பது பாஸ்டர் வழிவந்த கொள்கை. 1897 இல் ஜேர்மனிய அறிஞர் எட்வேட் புக்னர் மதுவத்தை மணலோடும் ஒருவகை நுண்மண்ணோடும் சேர்த்து அரைத்தார். அரைத்த களியைத் துணியிலே பொதிந்து, நீரியல் அழுத்தியில் வைத்துப் பிழிந்தார். தேங்காய்ப் பூவைப் பிழிந்து பாலெடுக்கும் முறைதான். பிழிந்த வலிமையே பெரிது. அச்சாற்றிலே உயிருள்ள கலம் இல்லை. ஆயினும் சீனியைச் சேர்த்ததும் அது நுரைத்துப் பொங்கியது. வேலை செய்வது கலத்தினுள் இருக்கும் நொதியமே என்பது புலனாயிற்று. 1907 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அம்மியின் தத்துவம் ஓர் அறிவியற் கொள்கையையே மாற்றிவிட்டது எனலாம்.

பின்வந்த கருவிகள் பல. 1936 இல் பொட்டர், எல்வேஜெம் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் கண்ணாடிக் குழாயினுள் சுழலும் உலக்கையொன்றை வெளியிட்டனர். உலக்கைக்கும் குழாய்க்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளியே உண்டு. அதனூடு நெருங்கிச் செல்லும் ஈரற் கலங்கள் மென்மையாகக் கிழியும். ‘பிரெஞ்ச்’ அழுத்தி என்பது மற்றொன்று. அது பிரான்சு நாட்டின் பெயரன்று. அதனை ஆக்கிய அறிஞரின் பெயர். ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கத்திலே நுண்துளை வழியாகக் கலங்களை அது வெளியே தள்ளும். அமுக்கம் திடீரெனக் குறைய, அவை வெடிக்கும். வேறொரு கருவியிலே சிறு கண்ணாடி மணிகள் கலங்களோடு சேர்ந்து குலுங்கும். இன்னொன்று செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் கொண்ட ஒலியை நீர்மத்திற் செலுத்தும். அவ்வொலியாற் பிறக்கும் நுண்குமிழிகள் சிதையும்போது கலங்களும் சிதையும். இவ்வன்மையான முறைகளிலே வெப்பம் பிறக்கும். வெந்த முட்டையின் வெண்கருப் போலப் புரதம் கெடாதிருக்க, பாத்திரத்தைப் பனிக்கட்டியிலே வைப்பர்.

உடைக்கும் வன்மை மாறினால் விடையே மாறும் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 1949 அளவில் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்தியன் டி டுவே ஈரலிலுள்ள ஒரு நொதியத்தை அளந்தார். மென்மையாக அரைத்தபோது, எதிர்பார்த்ததில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே தொழிற்பாடு தெரிந்தது. அதே மாதிரியைச் சில நாட்கள் குளிரிலே வைத்து மீண்டும் அளந்தபோது, அது பன்மடங்கு உயர்ந்திருந்தது. அவர் இதனைப் பிழையென ஒதுக்கினாரல்லர். நொதியம் ஒரு சிறு பையினுள் அடைபட்டிருந்தது. மென்மையான அரைப்பு அப்பையை உடைக்கவில்லை. நாட்பட அது தானே கசிந்தது எனக் கண்டார். 1955 இல் இலைசோசோம் எனப் பெயர் பெற்றது அப்பையே. 1974 இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

எனவே, எதனைத் தேடுகிறோம் என்பதே எவ்வாறு உடைப்பது என்பதைத் தீர்மானிக்கும். காசநோய்க் கிருமிக்கு மெழுகுத்தன்மை பொருந்திய உறை உண்டு. அது எளிதில் இளகாது. 2010 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பேர்ட் எனும் கருவி, அக்கிருமியை ஒலியதிர்வால் உடைத்து, இரண்டு மணி நேரத்துள் விடை தருகிறது. ஒலி டீ.என்.ஏ. இழையைத் துண்டாக்கக் கூடும். எனினும் நோயறிய ஒரு சிறு துண்டே போதும். உடையாத கிருமி ஆய்வாளருக்குத் தன்னை அறிவிப்பதில்லை. நோயிருந்தும் இல்லையென்று விடை வருமாயின், அதன் துயரம் அவ்வீட்டாரைச் சாரும்.

குழந்தையொன்றின் பெற்றோரை அறியவோ இத்தகைய வன்மை வேண்டுவதில்லை. சிறிதளவு இரத்தமோ கன்னத்தின் உட்புறத்தை வழித்தெடுத்த கலங்களோ போதும். சவ்வைக் கரைக்கும் பொருளும் புரதத்தைச் சிதைக்கும் நொதியமும் கதவைத் திறந்துவிடும். எலும்பு மட்டுமே எஞ்சியவிடத்து நிலைமை வேறு. அதனைத் திரவ நைதரசனிலே, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகை வரை குளிரச் செய்து, பின்னரே பொடியாக்குவர். பேரழிவின்பின் உறவுகளைத் தேடுவோருக்கு அப்பொடியே சில வேளைகளில் இறுதி விடையாகும்.

ஒலுவிலை மையமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலே இருக்கிறது. அங்கே நாளை பயிலப்போகும் மாணவர் இன்று நம் பள்ளிக்கூடங்களிலே இருக்கின்றனர். அவர்களுக்கு விலையுயர்ந்த கருவி இல்லையென்பது தடையாகாது. கனிந்த வாழைப்பழமொன்றை மசித்து, சிறிது உப்பும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் கலந்த நீரிலே கரைத்து, துணியில் வடிகட்டுக. ஆசிரியர் துணையோடு, நெருப்புக்கு அப்பால், நன்கு குளிர்ந்த மருத்துவ ஸ்பிரிட்டை அதன்மேல் மெல்ல ஊற்றுக. சிறிது நேரத்தில் வெண்ணிற இழைகள் மிதந்தெழும். டீ.என்.ஏ. அவ்விழைகளிலே திரண்டிருக்கும். அவற்றை ஒரு குச்சியிலே சுற்றியெடுக்கும் பிள்ளை, வன்மை வேண்டுமிடத்து வன்மையையும் மென்மை வேண்டுமிடத்து மென்மையையும் கையாளும் அறிவின் முதற் பாடத்தைத் தன் கையாலேயே கற்றுக்கொள்ளும்.