உயிர்ச்சுவடுகள்: மண் காத்து வைத்த சாட்சியம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச வருகிறவர் டொக்டர் என்றதும் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கிளினிக்கில் பேசிக்கொள்வோம். இன்று, எமக்கு மிக முந்திய காலத்தில் இந்தத் தீவில் வாழ்ந்த உயிர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நூறு ஆண்டுகளைக் கொண்டாடும் எமக்கு அந்தக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது.

எங்கள் காலடியில் இருந்தே தொடங்குவோம். இலங்கையின் மிகப் பழைய பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்குப் புவிச்சரிதவியலாளர் வைத்திருக்கும் பெயர் ‘வன்னித் தொகுதி’. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில், கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள் அவை. அவற்றில் உயிர்ச்சுவடு தேடுவது வீண்வேலை. இலங்கை நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய பழம்பாறைதான்.

வன்னியின் வடக்கு ஓரத்துக்குப் போனால் கதை மாறுகிறது. புத்தளத்துக்கு வடக்கே தொடங்கி, மேற்குக் கரையோரமாக வந்து, யாழ் குடாநாடு முழுவதும் பரந்து, கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் வரை மயோசீன் காலச் சுண்ணக்கல் இருக்கிறது. மயோசீன் என்பது 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலம். அப்போது இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. முருகைக்கற்களும் சிப்பிகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகியதே அந்தக் கல். இதைப் பற்றி வேலண்ட், டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1923இல் விரிவாக எழுதினார்கள். குடாநாட்டில் கிணறு வெட்டுகிறவர் ஒரு பழைய கடலின் தரையைத்தான் வெட்டுகிறார்.

இறந்த உயிர்களில் மிகச் சிலவே சுவடாக மிஞ்சுகின்றன. தசை அழுகிவிடும், எலும்பை விலங்குகள் கடித்துப்போடும், மழைநீர் கரைக்கும். விரைவாகச் சேற்றிலோ மணலிலோ மூடப்பட்டவைதான் தப்பும். அவற்றிலும் அதிகம் தப்புவது பல். பல்லின் மேற்பூச்சான மிளிரிதான் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அந்தப் பல்லைப் பார்த்தே அது புல் அரைத்ததா, இறைச்சி வெட்டியதா என்று சொல்லிவிடலாம். தாவரங்களும் இப்படித்தான். புத்தளத்துக்கு அருகே தப்போவையில் ஜுராசிக் காலச் சேற்றுக்கல்லில் பன்னம் போன்ற செடிகளின் இலைகள் பதிந்திருக்கின்றன. இலங்கையும் இந்தியாவும் கோண்டுவானா என்ற பெருநிலத்தோடு சேர்ந்திருந்த காலத்தின் பசுமை அது.

இனி இரத்தினபுரிக்குப் போவோம். அங்கே மாணிக்கக்கல் அகழ்வோர் ‘இல்லம்’ என்று அழைக்கும் பரல் அடுக்கில் இருந்து கல்லோடு எலும்புகளும் பற்களும் மேலே வந்தன. கொழும்பு தேசிய அரும்பொருட்சாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல அவற்றைச் சேகரித்து ஆராய்ந்தார். நீர்யானையும் காண்டாமிருகமும் இந்தத் தீவில் வாழ்ந்தன என்று அவற்றால் அறிந்தோம். குருவிட்டையில் கிடைத்த இரண்டே பற்களைக் கொண்டு 1939இல் ஒரு சிங்கத்தையும் அவர் விவரித்தார். நீர்யானைக்கு ஆண்டு முழுவதும் வற்றாத நீர் வேண்டும், சிங்கத்துக்குத் திறந்த வெளி வேண்டும். ஆகவே இன்று அடர்ந்த மழைக்காடாக நாம் காணும் அந்தப் பக்கம் ஒருகாலத்தில் வேறு விதமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தச் சிங்கம் எப்போது வாழ்ந்தது? திட்டமாகச் சொல்ல முடியவில்லை. குழிக்குள் இறங்கியவர்கள் தேடியது மாணிக்கம். கூடை கூடையாகப் பரல் மேலே வந்தது. வெவ்வேறு காலத்து எலும்புகளை ஆறே அரித்துக் கலந்தும் விட்டிருந்தது. பல் கிடைத்தது, அது கிடந்த அடுக்கின் விபரம் போய்விட்டது.

அதே குருவிட்டைக்கு அருகே பட்டதொம்பலென என்ற குகை இருக்கிறது. அதை அடுக்கடுக்காகப் பதிவு செய்து அகழ்ந்தார்கள். 1982இல் அங்கே கிடைத்த ஒரு சிறிய விரல் எலும்பு வரிப்புலியுடையது. அதற்கு ஏறத்தாழ 16,500 ஆண்டு வயது என்று சொல்ல முடிகிறது. கடல்மட்டம் மிகத் தாழ்ந்து, பாக்குநீரிணை நடந்து கடக்கும் தரையாக இருந்த காலம் அது. ஒரு விரல் எலும்பு இவ்வளவு சொல்வதற்குக் காரணம், அது எங்கே, எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்று யாரோ பொறுமையாக எழுதி வைத்ததுதான்.

எலும்பு என்ற சொல்லை இந்த மண்ணில் இலேசாகச் சொல்லிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். காணாமற்போனவரைத் தேடும் குடும்பங்களுக்கும் இதே விதிதான் பொருந்தும். கிடந்த இடம் குழம்பாமல் இருந்தால்தான் எலும்பு சாட்சி சொல்லும். எனவே பிள்ளைகளே, கிணற்றிலோ வயலிலோ புதிதாக ஏதும் தென்பட்டால் கிளறாதீர்கள். இடத்தைக் குறித்து, உரியவர்களுக்கு அறிவியுங்கள்.

இப்போது எமது கல்லூரிக்கு வருகிறேன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, வரவுப் பதிவேடுகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் ஆண்டு மலர்களும் பெரும்பாலும் அழிந்துவிட்டன. மிஞ்சியவை உங்கள் வீடுகளில், ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிஸிலும், பழைய அல்பங்களுக்குள் இருக்கின்றன. வட்ஸ்அப்பில் அக்காமார் அனுப்பும் படங்களைப் பார்க்கிறேன். வலைப்பந்தாட்ட அணி நிற்கிறது, ஆனால் எந்த ஆண்டு என்று இல்லை. நடுவில் ஓர் ஆசிரியை இருக்கிறார், பெயர் இல்லை. இவை அடுக்கு தெரியாத சிங்கப்பற்கள்.

ஆகவே எனது வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு படத்தோடும் நான்கு விபரங்களை எழுதி அனுப்புங்கள்: யார், எந்த ஆண்டு, எந்த இடம், படம் யாரிடம் இருந்தது. எல்லாரையும் அடையாளம் சொல்லக்கூடிய மூத்த அக்காமார் எம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அடுத்த நூற்றாண்டில் எம்மைத் தேடப்போகிற பிள்ளைகளுக்கு, நாம் இருந்தோம் என்பதோடு எப்படி இருந்தோம் என்பதும் தெரிய வேண்டும்.