ஒரே மலையில் சொன்ன இரண்டு



தன்னலமில்லாத வாழ்வைப் பற்றி விவிலியம் சொல்வதில் ஒன்றோடொன்று முட்டுகிற இடங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டீர்கள். பிற சமயத்தவர் பலர் இருக்கும் அவையில் இப்படிக் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரம், மலைமேல் இயேசு செய்த போதனை. உங்கள் நற்செயல்கள் பிறர் கண்ணில் படும்படி வாழுங்கள் என்கிறார் இயேசு. அடுத்த அதிகாரத்தில், ஊர் பார்க்க வேண்டும் என்று தர்மம் செய்யாதே, வலக்கை கொடுப்பது இடக்கைக்கும் தெரிய வேண்டாம் என்கிறார். அதே மலை, அதே கூட்டம். காட்டுவதா, மறைப்பதா?

முன்னும் பின்னும் சேர்த்துப் படித்தால்தான் விளங்கும். முதல் வசனத்துக்குச் சற்று முன்னால், நீதிக்காகத் துன்பப்படுகிறவர்களைப் பற்றிச் சொல்கிறார். நல்லது செய்தால் வம்பு வருமே என்று ஒதுங்கி நிற்பவருக்கான சொல் அது. அங்கே புகழ் இறைவனுக்குப் போய்ச் சேருகிறது. இரண்டாவது, தெருவிலும் ஜெபக்கூடத்திலும் தாரை ஊதித் தர்மம் செய்பவருக்கு. அங்கே புகழ் கொடுப்பவரோடு நின்றுவிடுகிறது. ஒன்று அச்சத்துக்கு மருந்து, மற்றொன்று தற்பெருமைக்கு.

இந்த இரண்டு வசனங்களையும் ஒருசேர வாழ்ந்து காட்டியவர் நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இருந்தார். அயர்லாந்தைச் சேர்ந்தவரும் 1895இல் இந்தியா வந்தவருமான ஏமி கார்மைக்கேல், டோனாவூரில் பிள்ளைகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். அன்று கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகளின் நிலையை உலகுக்குச் சொல்ல அவர் தயங்கியதே இல்லை. முப்பதுக்கும் மேற்பட்ட நூல்கள் எழுதினார். தென்னிந்தியாவில் தாம் கண்டதை ஒளிக்காமல் எழுதிய நூல் 1903இல் வந்தபோது, இது மிகை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர் பின்வாங்கவில்லை. ஆனால் 1951இல் காலமானபோது, தன் கல்லறைமேல் கல் நாட்டக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை. தாயை அழைக்கும் ஒரு சொல் மட்டும் உண்டு. பிள்ளைகளுக்காகப் பேச வேண்டிய இடத்தில் உரக்கப் பேசினார், தன்னைப் பற்றி வந்தபோது வாயை மூடிக்கொண்டார்.

அதற்காகப் பெயர் பொறித்த கொடையெல்லாம் குற்றம் என்று ஆகிவிடாது. மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கு மருத்துவமனை கட்ட, நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் திறந்த அந்த மருத்துவமனை அவருடைய மறைந்த மனைவி மேரி டேபர் ஷெல் பெயரைத் தாங்கியது. அன்புக்குரியவரின் பெயர் அங்கே நோயாளிகளுக்குக் கதவு திறந்தது. அதில் நான் குறை காணவில்லை.

கலாத்தியர் மடலின் 6ஆம் அதிகாரமும் பலரைக் குழப்புகிறது. ஒருவர் சுமையை ஒருவர் சுமங்கள் என்கிறார் அதை எழுதிய பவுல். மூன்று வசனம் கழித்து, அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டும் என்கிறார். துன்பத்தில் தோள் கொடு, உன் செயலுக்கு நீயே பதில் சொல். இதில் பெரிய சிக்கல் இல்லை.

நம்மைத் தொடுவது வேறொன்று. லூக்கா 14இல், தாய் தகப்பனை வெறுக்காதவன் தனக்குச் சீடனாக முடியாது என்கிறார் இயேசு. கேட்கவே அதிர்ச்சியாக இருக்கிறது. மத்தேயு 10 அதையே, அவர்களைத் தன்னைவிட அதிகமாக நேசிக்கக் கூடாது என்று சொல்கிறது. மாற்கு 7இலோ, பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவும் பிள்ளையைக் காட்டி, அதை அனுமதித்த மதத் தலைவர்களைக் கடுமையாகச் சாடுகிறார். சிலுவையில் உயிர் போகும் வேளையிலும் தன் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைத்தார் என்கிறது யோவான் நற்செய்தி. குடும்பமே உலகம் என்று சுருங்கவும் கூடாது, தொண்டு என்ற பெயரில் குடும்பத்தைக் கைவிடவும் கூடாது. கடல் கடந்து வந்து பொதுக்காரியங்களுக்கு அள்ளிக் கொடுக்கிற நமக்கு இரண்டாவது எச்சரிக்கைதான் அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்று நம் சங்கத்துக்கு நன்கொடை தர வந்திருப்பவர்களில் யாருக்காவது, ஊரில் அப்பா அம்மாவின் மருந்துச் செலவு பாக்கி இருந்தால், முதலில் அதை அனுப்புங்கள். சங்கம் காத்திருக்கும்.