முதல் மழைக்கு முன் வளவில் செய்ய வேண்டியவை
(வலிகாமம் வடக்கில் மீளக் குடியேறும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டுத்திட்டம், கிணறு, மலசலகூடம், காணி உறுதி பற்றியெல்லாம் இந்தக் கையேட்டின் மற்றப் பக்கங்களில் இருக்கிறது. நான் பேசப்போவது மரம் பற்றி. வீடு கட்ட முதல் மரமா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டைக் கட்ட ஆறு மாதம் பிந்தினாலும் பிறகு கட்டலாம். விதைக்கிற மழை ஆண்டுக்கு ஒரு தடவைதான் வரும். அதைத் தவறவிட்டால் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும்.

உங்களில் பலர் 1990 இல் ஊரை விட்டு வெளியேறியவர்கள். மயிலிட்டித் துறைமுகப் பகுதி 2017 யூலையில் விடப்பட்டபோது 27 ஆண்டுகள் கடந்திருந்தன. திரும்பிப் போகிறவர்கள் இரண்டு விதமான காணியைக் காண்கிறார்கள். ஒன்று, பற்றைக்காடாகி, வீட்டுச் சுவருக்குள்ளேயே மரம் எழும்பி நிற்கிற காணி. மற்றது, வேலியும் இல்லாமல், மரமும் இல்லாமல், தட்டையாக்கப்பட்ட வெட்டவெளி. இரண்டுக்கும் வேலை வேறு.

அதற்கு முன் ஒரு விடயம். மிதிவெடி அகற்றப்பட்டு, முறைப்படி கையளிக்கப்பட்ட காணியில் மட்டும் மண்வெட்டி போடுங்கள். மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு நிறம் பூசிய கட்டை, இவற்றைக் கண்டால் வந்த வழியே திரும்புங்கள். சந்தேகமான பொருளைத் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பற்றைக்குத் தீ வைத்துத் துப்புரவாக்காதீர்கள். உள்ளே என்ன கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

இனிப் பற்றைக் காணிக்கு வருகிறேன். காணி கைக்கு வந்த உடனே மணித்தியாலக் கணக்கில் பெக்கோ பிடித்து எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட வேண்டும் என்றுதான் மனம் சொல்லும். இத்தனை வருடம் பார்க்காத வளவை முழுதாக ஒருக்கால் பார்க்கவேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் பெக்கோ வருவதற்கு முதல் நாள், கையில் பழைய துணிக் கீலங்களோடு வளவைச் சுற்றி நடவுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் குருவியும் வௌவாலும் காற்றும் அங்கே விதைத்துக்கொண்டுதான் இருந்தன. பற்றைக்குள் வேப்பங்கன்று நிற்கும். விழுந்த பனம்பழத்தில் முளைத்த வடலி நிற்கும். புளி, நாவல், கொன்றை நிற்கக்கூடும். தறித்த பூவரசின் அடியிலிருந்து தளிர் வந்திருக்கும். வைத்திருக்க வேண்டியவற்றில் கீலத்தைக் கட்டிவிட்டு, மற்றதை வெட்டச் சொல்லுங்கள். காசு கொடுத்து வாங்கும் கன்றுக்கு வேர் இனித்தான் ஓடவேண்டும். அங்கே நிற்கும் கன்றின் வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது.

இது சிறிய விடயம் என்று நினைக்காதீர்கள். ஆபிரிக்காவில் நைஜர் என்ற வறண்ட நாட்டில், 1980களில், அவுஸ்திரேலியரான ரொனி ரினோடோ என்பவர் கன்று நட்டுப் பார்த்தார், பெரும்பாலானவை பட்டுப்போயின. பிறகுதான் வயலில் பற்றை என்று விவசாயிகள் வெட்டிக்கொண்டிருந்தவை பழைய மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் என்று கண்டார். தளிர்களில் நல்லதை விட்டு மற்றதைக் கழிக்கச் சொன்னார். விவசாயிகள் அதைக் கைக்கொண்டார்கள். அந்த நாட்டில் இப்படி மரம் திரும்பிய நிலம் சுமார் 50 இலட்சம் ஹெக்டேயர் என்று கணக்கிடுகிறார்கள்.

அடுத்தது வெட்டவெளிக் காணி. அங்கே முளைக்க ஒன்றும் மிச்சமில்லை. சோளகம் வீசும்போது செம்பாட்டு மண் புழுதியாகப் பறக்கும். எங்கள் பகுதியில் சில இடங்களில் ஒரு முழம் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்தான். அந்த மண் போனால் திரும்ப வராது. தண்ணீரும் அப்படித்தான். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியும். நிலத்துக்குக் கீழே மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. பெய்கிற மழை ஓடிப்போகாமல் வளவில் நின்று இறங்கினால்தான் கிணறு நன்னீர்க் கிணறாக இருக்கும். வேரும் சருகும் நிழலும் அதற்குத்தான்.

இங்கே பனையிலிருந்து தொடங்குங்கள். பனைக்கு ஒரே ஒரு குருத்து. அது போனால் மரம் போயிற்று. செல்லடியில் வட்டிழந்து நின்ற பனைகளையும், பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகளையும் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவை திரும்பத் தளிர்க்காது. கொட்டை போட்டால்தான் பனை.

பனம்பழம் ஆடி தொடங்கிப் புரட்டாதி வரை விழும். நன்றாகப் பழுத்து, தானாக விழுந்த பழத்தை எடுங்கள். களியைப் பினாட்டுக்குப் பிழிந்தெடுத்த பின் கொட்டையைக் காயவிடாமல், புரட்டாதிக்குள் மண்ணில் போடுங்கள். பத்தடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு கொட்டை, மேலே நான்கு விரல் மண். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

ஒன்றை மனதில் வைத்திருங்கள். கொட்டையிலிருந்து முதலில் வருவது இலை அல்ல. ஒரு முளை நேரே கீழே இறங்கும். அதில்தான் கிழங்கு உருவாகும். மேலே பீலி தெரியச் சில மாதம் செல்லும். அதுவரை வளவில் ஒன்றுமே நடக்கவில்லை போல இருக்கும். அந்த நேரத்தில்தான் பலர் “முளைக்கவில்லை” என்று கிண்டிப் பார்க்கிறார்கள், அல்லது அதன்மேல் கல்லும் மணலும் பறிக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு தடி ஊன்றி அடையாளம் வையுங்கள். முளைத்ததைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே கொட்டையைப் போடுங்கள்.

கிழங்குக்கு வேறாகப் பாத்தி போடுங்கள். தை, மாசியில் அதைக் கிண்டினால் ஒடியலும் புழுக்கொடியலும் அந்த வருடமே வீட்டுக்கு வரும். பாத்தி வேறு, மரத்துக்குப் போட்ட குழி வேறு என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். பசி வந்தால் இரண்டையும் கிண்டத்தான் கை போகும்.

வேம்புக்குக் காலம் வேறு. வேப்பம்பழம் ஆனி, ஆடியில் பழுக்கும், மழை ஐப்பசியில். வேப்பம்விதையை அதுவரை போத்தலில் போட்டு வைத்தால் முளைக்காது. இரண்டு மூன்று கிழமைக்குள் அதன் உயிர் குறைந்துவிடும். பழத்தைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே மண் நிரப்பிய பொலித்தீன் பையில் போட்டு, கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் காட்டுங்கள். மழை தொடங்கியதும் நடுங்கள். இலுப்பையும் நாவலும் இப்படித்தான். புளிக்கும் கொன்றைக்கும் விதைத்தோல் கடினம். அவற்றை எடுத்து வைக்கலாம். புளியங்கொட்டையை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். கொன்றை விதையைக் கல்லில் சற்று உரைஞ்சி ஊறப்போடுங்கள்.

நிறுவனங்கள் தரும் கன்றுகள் எந்த மாதத்தில் கிடைத்தாலும், மழை தொடங்கும்வரை நிழலில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மாசியில் நட்ட கன்று சித்திரை வெயிலைத் தாண்டுவது கஷ்டம்.

வேலி இல்லாவிட்டால் இத்தனையும் ஆட்டுக்குத் தீனி. தகரத்துக்கும் முள்ளுக்கம்பிக்கும் காசு வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். மழையோடு பூவரசு, கிளுவை, முள்முருக்குக் கதியால்களைப் போடுங்கள். அயலில் வேலி வெட்டுகிறவர்களிடம் கேட்டால் தருவார்கள். குழை தோட்டத்துக்கும் உதவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லை தீராத இடத்தில் கொட்டையும் போடாதீர்கள், கதியாலும் போடாதீர்கள். எல்லைக் கல்லும் பழைய பனையும் இல்லாத ஒழுங்கைகளில், ஒரு முழ நிலத்துக்காக இரண்டு குடும்பம் பகையாவதற்கு ஒரு வரிசை வடலி போதும். முதலில் நில அளவையாளரோடும் அயலவரோடும் எல்லையை முடிவாக்குங்கள். அதுவரை உங்கள் காணிக்குள், எல்லையிலிருந்து தள்ளி விதையுங்கள். எல்லை தீர்ந்த பிறகு இரு வீட்டாரும் சேர்ந்து நின்று போடுங்கள். பிறகு அதைப் பற்றி யாரும் வழக்குப் பேசமாட்டார்கள்.

“வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை” என்று நீங்கள் சிரிப்பீர்கள். உண்மைதான். பனை பூக்கப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் செல்லும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். அதற்குள் இன்னொரு இடம்பெயர்வு வருமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. வராது என்று சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் நீங்கள் முன்பு ஓலை வெட்டிய, நுங்கு குடித்த பனைகளில் எதையும் நீங்கள் போடவில்லை. போட்டவர்களும் நிச்சயம் தெரிந்து போடவில்லை. ஒரு கொட்டைக்குச் செலவு ஒன்றுமில்லை. பத்துப் போட்டு நாலு தப்பினாலும், உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு நாலு பனை.

ஆகவே இந்த ஆவணியில் காணியைப் பார்க்கப் போகும்போது ஒரு உரப்பையும் கொண்டுபோங்கள். இப்போது இருக்கிற ஊரில் விழுந்து கிடக்கும் பனம்பழங்களை, காணிக்காரரிடம் கேட்டுப் பொறுக்கிக்கொள்ளுங்கள். நிற்கிற பனையைத் தறிக்க நினைத்தால் முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி கேளுங்கள். எந்த மண்ணுக்கு எந்த மரம் என்ற சந்தேகத்துக்கு கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். பனை பற்றி அறிய, 1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

கேள்வி இருந்தால் கேளுங்கள். பெக்கோவுக்குச் சொல்லிவிட்டவர்கள் முதலில் கேளுங்கள்.