பெட்டிக்குள் எழுதிய பெயர்: மாஃபியா குடும்பங்களின் குழுக்களையும் தலைமையையும் தடம் காண்பது பற்றி

 

திட்டமிட்ட குற்றத்தின் வரலாற்றை எந்தச் சான்றுகளைக் கொண்டு எழுதுவது என்பதே நம் கருத்தரங்கின் பொருள். தலைமை உரையில் துறை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஓர் இத்தாலிய அமெரிக்க மாஃபியா குடும்பத்தில் யார் உறுப்பினர், அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர், அந்தக் குடும்பத்தின் தலைவர் யார் என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? நியூயார்க்கின் துறைமுகம், கட்டுமானம், ஆடைத் தொழில், ஃபுல்டன் மீன் சந்தை, தொழிற்சங்கங்கள் இவற்றின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதும் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஆனாலும் பலர் ஒரு வரைபடத்தைப் பார்த்துப் பெயரை எடுத்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வரைபடத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அந்த வரைபடம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். உச்சியில் தலைவர், அவருக்குக் கீழே துணைத் தலைவர், பக்கத்தில் ஆலோசகர். அதற்கும் கீழே கபோ எனப்படும் குழுத் தலைவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொரு கபோவின் பெட்டிக்கும் கீழே அவருடைய குழுவின் சிப்பாய்களும், உறுப்பினராகாமல் கூட வேலை செய்யும் கூட்டாளிகளும் இருப்பார்கள். 1931 ஏப்ரலில் ஜோ மசேரியாவும் செப்டம்பரில் சால்வடோர் மரன்சானோவும் கொல்லப்பட்ட பிறகு, நியூயார்க்கின் ஐந்து குடும்பங்களும் இந்த அமைப்பில் நிலைபெற்றன. 1963இல் செனட்டர் ஜான் மெக்லெல்லனின் துணைக்குழு முன் ஜோசப் வலாச்சி சாட்சியம் சொன்னபோது, புகைப்படம் ஒட்டிய பெரிய அட்டைகளாக இந்த வரைபடங்கள் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டன. இன்று நாம் சொல்லும் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில் ஊன்றியவை. விட்டோ ஜெனோவீஸ் 1969இல் சிறையிலேயே இறந்துபோனார். அவருக்கு முன் லூசியானோவும் காஸ்டெல்லோவும் நடத்திய அந்தக் குடும்பத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

வலாச்சியின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். 1930ஐ ஒட்டி, மசேரியாவுக்கும் மரன்சானோவுக்கும் இடையே கும்பல் போர் நடந்த நாட்களில், அவர் மரன்சானோ அணியில் சேர்க்கப்பட்டார். மரன்சானோ கொல்லப்பட்டதும் லூசியானோவின் குடும்பத்துக்கு மாறினார். அங்கே ஜெனோவீஸின் ஆளான அந்தோணி ஸ்ட்ரோல்லோவின் குழுவில் இருந்தார். 1963ஆம் ஆண்டு அட்டையில் அவருக்கு ஒரே ஒரு பெட்டிதான். 1931இல் வரைந்திருந்தால் அவர் வேறொரு அட்டையில் இருந்திருப்பார். ஒருவர் இன்ன குழுவைச் சேர்ந்தவர் என்று நாள் குறிப்பிடாமல் எழுதும் வாக்கியம் பாதி வாக்கியம்தான் என்பதை இந்த ஒரு வாழ்க்கையே காட்டுகிறது. வலாச்சி ஒரு சிப்பாய் என்பதையும் மறக்கக் கூடாது. தன் குழுவையும் தான் பழகிய வட்டத்தையும் அவர் கண்ணால் கண்டு பேசினார். அந்த வட்டத்துக்கு வெளியே உள்ளதைப் பற்றி அவர் சொன்னதைக் கேள்விச் செய்தியாகவே நாம் எடைபோட வேண்டும்.

இனி என் உரையின் மையமான நிகழ்வுக்கு வருகிறேன். 1986 நவம்பரில் கமிஷன் வழக்கு என்று பெயர்பெற்ற வழக்கில் தீர்ப்பு வந்தது. குடும்பங்களின் மேல்மட்டக் குழுவான கமிஷன் இருப்பதைப் பிரதிவாதிகள் தரப்பே அந்த வழக்கில் ஒப்புக்கொண்டது. ஜெனோவீஸ் குடும்பத்தின் தலைவர் என்று குற்றம் சாட்டப்பட்ட அந்தோணி சலேர்னோவுக்கு அடுத்த ஜனவரியில் 100 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஃபார்ச்சூன் இதழ் அதே 1986இல் வெளியிட்ட மாஃபியா தலைவர்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவரும் அவரே. 1987 மே மாதம், பிணை மறுத்து விசாரணைக்கு முன்பே ஒருவரைக் காவலில் வைப்பது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பாக நின்ற இருவர் சலேர்னோவும் வின்சென்ட் கஃபாரோவும். சலேர்னோ குடும்பத்தின் தலைவர், கஃபாரோ குழுத் தலைவர் என்ற அரசுத் தரப்பின் கூற்று அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

அதே கஃபாரோ அப்ரூவராக மாறினார். 1988இல் செனட் துணைக்குழு முன் வந்து, சலேர்னோ குடும்பத்தின் உண்மையான தலைவராக இருந்ததே இல்லை என்று சொன்னார். நீண்ட காலம் தலைவராக இருந்தவர் பிலிப் லொம்பார்டோ. 1980களின் தொடக்கத்தில் அந்த இடத்துக்கு வந்தவர் வின்சென்ட் ஜிகாண்டே. சலேர்னோ அவர்களுக்கு முன்னால் நிறுத்தப்பட்ட பினாமித் தலைவர். 1980இல் ஒரு மாஃபியா குடும்பத்தின் தலைவர் என்ற வகையில் திட்டமிட்ட குற்ற அமைப்புகளுக்கு எதிரான ரிக்கோ சட்டத்தின்கீழ் முதன்முதலாகத் தண்டனை பெற்ற ஃபிராங்க் டியேரியும் அதே ஜெனோவீஸ் குடும்பத்தில் அப்படி முன்னிறுத்தப்பட்டவரே என்பது பின்னர் வலுப்பெற்ற கருத்து. காவல்துறை, பத்திரிகை, நீதிமன்றம் மூன்றும் பல ஆண்டுகள் ஒரே பெட்டியில் ஒரே பெயரை எழுதிவந்தன. மூன்றும் ஒத்துப்போனது அந்தப் பெயருக்கு உறுதி தந்துவிடவில்லை, ஏனென்றால் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து நீர் எடுத்தன.

இதில் ஆய்வாளர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிழக்கு ஹார்லெமில் சலேர்னோ உட்கார்ந்திருந்த பால்மா பாய்ஸ் சங்கத்தில் எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்புக் கருவி வைத்திருந்தது. அதில் பதிவான ஓர் உரையாடலில் சலேர்னோவும் மேத்யூ இயானியெல்லோ என்ற குழுத் தலைவரும் ஒரு பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறொரு குடும்பம் புதிதாகச் சேர்க்க நினைத்தவர்களின் பெயர்கள் அவை. புதியவர்களின் பெயர்களை மற்றக் குடும்பங்களுக்கு அனுப்பி ஆட்சேபம் கேட்பது அவர்கள் வழக்கம். பட்டியலில் பட்டப்பெயர்கள் இல்லாததால் யார் யாரென்று சலேர்னோவுக்கு அடையாளம் தெரியவில்லை. சலித்துப்போய், இதைத் தலைவரிடமே விட்டுவிடுகிறேன் என்கிறார். தலைவர் என்று அரசு நம்பிய மனிதரே தனக்கு மேலே ஒரு தலைவர் இருப்பதைத் தன் வாயால் சொல்லிவிட்டார். சான்று ஒலிநாடாவில் இருந்தது. ஆனால் வரைபடத்தின் உச்சிப் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் அந்த வாக்கியம் போய்ச்சேர இடமில்லாமல் போயிற்று.

இதற்காக அன்றைய புலனாய்வாளர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் வேலை செய்த சட்டமே ஒரு வரைபடத்தைக் கேட்டது. 1970இல் வந்த ரிக்கோ சட்டத்தின்கீழ் குற்றத்தை நிரூபிக்க, ஓர் அமைப்பு தொடர்ந்து இயங்கியதையும் அதில் குற்றம் சாட்டப்பட்டவரின் பங்கையும் காட்ட வேண்டும். படிநிலை வரைபடத்தைவிட ஜூரிக்கு எளிதில் விளங்கக்கூடியது வேறில்லை. ஆகவே வழக்குக்காக வரைந்த வரைபடத்தைப் படிக்கும்போது, வழக்கின் தேவையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சான்று எங்கே செழிப்பாகக் கிடைக்கிறதோ அங்கே வரலாறும் செழிப்பாகத் தெரியும். இதற்குக் கீழ் மன்ஹாட்டனில் சிறிது தூரமே இடைவெளியுள்ள இரண்டு சங்கக் கட்டடங்கள் போதுமான சாட்சி. மல்பெரி தெருவில் காம்பினோ குடும்பத்தின் ரேவனைட் சங்கம். 1985 டிசம்பரில் அந்தக் குடும்பத்தின் தலைவர் பால் காஸ்டெல்லானோ சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு தலைமைக்கு வந்த ஜான் காட்டி, குழுத் தலைவர்கள் அங்கே தவறாமல் வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோரும் எஃப்.பி.ஐ. படச்சுருளில் விழுந்தார்கள். மாடியிலிருந்த ஒரு குடியிருப்பில் வைத்த கருவி, காட்டி தன் ஆட்களிடம் பேசியதைப் பிடித்தது. 1990 டிசம்பரில் கைது. அவருடைய துணைத் தலைவர் சால்வடோர் கிரவானோ அப்ரூவரானார். 1992இல் காட்டிக்கு ஆயுள் தண்டனை.

சல்லிவன் தெருவில் ஜிகாண்டேயின் ட்ரையாங்கிள் சங்கம். அவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பது அங்கே கட்டளை. அவரைக் குறிக்க மோவாயைத் தொட்டுக் காட்டுவார்கள். அவரோ குளியல் அங்கியோடு தெருவில் நடந்து, மனநலம் குன்றியவராகப் பல ஆண்டுகள் காட்சி தந்தார். 1997இல் தண்டனை பெற்றார். அந்த நோய் நடிப்பு என்று 2003இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். காட்டியின் குழுக்களைப் பற்றி நம்மிடம் நிறைய இருக்கிறது, ஜிகாண்டேயின் குழுக்களைப் பற்றிக் குறைவாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கொண்டு யார் பெரிய தலைவர் என்று முடிவுகட்டினால், ஒலிவாங்கி இருந்த இடத்தை அதிகாரம் இருந்த இடம் என்று எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம்.

குழுக்களுக்கு வருவோம். நான் பெரிதும் வலியுறுத்த விரும்புவது, குழு என்பது இடம்பெயர்வது, கைமாறுவது என்பதே. கார்மைன் ஃபாட்டிக்கோவின் காம்பினோ குழு, புரூக்ளினின் கிழக்கு நியூயார்க் பகுதியிலிருந்து குயின்ஸில் உள்ள ஓசோன் பார்க்குக்கு வந்தது. அங்கே பெர்கின் சங்கம் அதன் இருப்பிடமாயிற்று. ஃபாட்டிக்கோ வழக்குகளில் சிக்கி ஒதுங்க வேண்டிவந்தபோது, காட்டி அந்தக் குழுவைத் தற்காலிகப் பொறுப்பில் நடத்தினார். குடும்பத்தின் துணைத் தலைவர் அனியெல்லோ டெல்லாகுரோச்சேயிடம் அவர் நேரடியாகப் போய் நின்றதும் இந்த வழியில்தான். குழுத் தலைவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர், இருவருக்கும் மேலே காப்பாளராக மூன்றாமவர். இவர்கள் மூவரையும் ஒரு பெட்டிக்குள் அடக்க முடியாது.

உறுப்பினர் யார் என்பதிலும் இதே சிக்கல் உண்டு. 1950களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை நியூயார்க் குடும்பங்கள் புதிய உறுப்பினர் சேர்க்கையை மூடி வைத்திருந்தன. அந்த ஆண்டுகளில் பெரிய வேலைகளைச் செய்தவர்கள் பலர் முறைப்படி உறுப்பினர்களே அல்லர். இன்னொரு பக்கம், 1957 நவம்பரில் அப்பலாச்சினில் ஜோசப் பார்பராவின் வீட்டில், மாஃபியாக் கூட்டம் என்று சொல்லப்பட்ட சந்திப்பில் கூடிய அறுபதுக்கும் மேற்பட்டோர் அடையாளம் காணப்பட்டனர். அவர்களில் 20 பேர் பெற்ற சதித் தண்டனையை 1960இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. ஒருவர் ஓரிடத்தில் இருந்தார் என்பது அவர் அங்கே இருந்தார் என்பதற்கு மட்டுமே சான்று.

எஃப்.பி.ஐ. அறிக்கைகளைப் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. தகவல் தந்தவர்களின் பெயர் அவற்றில் இராது, அடையாள எண் மட்டுமே இருக்கும். அந்த எண்ணும் அறிக்கைக்கு அறிக்கை மாறக்கூடும். ஒரே மனிதர் சொன்னது மூன்று கோப்புகளில் மூன்று எண்களில் வந்திருந்தால், மூன்று சான்றுகள் கிடைத்தன என்று ஓர் ஆய்வாளர் மகிழ்ந்துபோக வாய்ப்புண்டு. கூட்டிப் பார்க்கும் முன் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோடிகள் இந்த வரைபடத்தோடு போராடியவர்கள். 1969இல் டொனால்ட் கிரெஸ்ஸி அதை ஒரு பெரிய நிறுவனத்தின் நிர்வாகம்போல் படித்தார். 1972இல் ஃபிரான்சிஸ் இயானி உறவுமுறையாகப் படித்தார். குடும்பம் என்பது தனித்தனியே தொழில் செய்பவர்கள் பரஸ்பர நலனுக்காகச் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு என்று மார்க் ஹாலர் விளக்கினார். நியூயார்க்கின் சூதாட்டச் சந்தையையும் கந்துவட்டிச் சந்தையையும் ஆராய்ந்த பீட்டர் ரியூட்டர், 1983இல், அவற்றில் மாஃபியாவின் ஏகபோகம் இல்லை என்று காட்டினார். அண்மையில் மாஸ்ட்ரோபுவோனி, பட்டாக்கினி போன்றோர், 1960ஐ ஒட்டிப் போதைப்பொருள் தடுப்புப் பணியகம் தொகுத்த 800 பேரின் கோப்புகளைக் கொண்டு தொடர்பு வலைகளைக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவை அனைத்தும் மதிப்புக்குரிய முயற்சிகள். ஆனால் கணிதம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், கோப்பு எழுதிய அதிகாரி யாரைக் கவனித்தார் என்பதை அது மாற்றிவிடாது.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒருவரை உறுப்பினர், குழுத் தலைவர், குடும்பத் தலைவர் என்று நாம் எழுதும் ஒவ்வொரு முறையும் நான்கு செய்திகளைச் சேர்த்தே எழுதுவோம். சொன்னவர் யார், எப்போது சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும், அவர் குறிப்பிடும் காலம் எது. ஒன்றுக்கொன்று முரண்படும் சாட்சியங்கள் இருந்தால் இரண்டையும் வைப்போம். இந்த ஒழுங்கு இருந்தால், கஃபாரோ பேசிய நாளில் பழைய பதிவை அழிக்க வேண்டியிராது. 1986இல் அரசு சலேர்னோவைத் தலைவர் என்றது, 1988இல் கஃபாரோ அதை மறுத்தார் என்று இரண்டும் அருகருகே நிற்கும். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரமே பினாமித் தலைமை எவ்வளவு திறமையாக நடந்தது என்பதற்கான அளவு.

இந்த ஒழுங்கு வெறும் ஆய்வு நுட்பம் அல்ல, அறமும்கூட. 1880 முதல் 1920 வரை ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள். அவர்களிலும் அவர்கள் வழிவந்தவர்களிலும் மிகப் பெரும்பான்மையினருக்கு இந்தக் குடும்பங்களோடு எந்தத் தொடர்பும் இல்லை. மாஃபியாவின் மிரட்டலுக்கு முதலில் ஆளானவர்களும் அவர்களுடைய கடைக்காரர்களும் தொழிலாளர்களுமே. ஒரே குடும்பப் பெயர், ஒரே தெரு, ஒரு திருமணப் புகைப்படம் என்ற அளவில் ஒருவரைக் குழுவில் சேர்த்து எழுதும்போது, மறுப்புச் சொல்ல முடியாத ஒருவரின் பெயரையும் அவர் பிள்ளைகளின் பெயரையும் நாம் கெடுக்கிறோம். வரலாற்றாசிரியருக்கு அந்த உரிமை கிடையாது.

இளம் ஆய்வாளர்களே, இந்தத் துறைக்கு உங்களை இழுத்து வந்தது திரைப்படமாக இருக்கலாம், நாவலாக இருக்கலாம். அதில் தவறில்லை. இனி உங்களைக் கோப்பின் முன் உட்கார வைப்பது பொறுமையாக இருக்கட்டும். நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், செனட் விசாரணைப் பதிவுகள், ஒலிநாடாக்களின் எழுத்துப்படிகள் ஆகியவற்றை முழுவதுமாகப் படியுங்கள். தீர்ப்பைப் படித்துவிட்டுச் சாட்சியத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் முடிவுக்கு ஒத்துவராத ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால் அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சலேர்னோவின் அந்த ஒரு வாக்கியத்தை யாரேனும் அன்றே அப்படிக் குறித்திருந்தால், ஒரு குடும்பத்தின் பத்தாண்டு வரலாறு முன்னதாகவே திருந்தியிருக்கும்.

இன்றைய முதல் அமர்வு நீதிமன்றச் சான்றுகள் பற்றியது. அடுத்து வரும் அமர்வுகள் தகவலாளிகளின் அறிக்கைகளையும் தொடர்பு வலை ஆய்வுகளையும் எடுத்துக்கொள்கின்றன. கட்டுரை வாசிப்போர் தங்கள் முடிவுகளோடு தங்கள் சான்றுகளையும் அவையின் முன் திறந்து வைக்க வேண்டும் என்றும், கேட்போர் தயங்காமல் கேள்வி எழுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.