கல்லீரலுக்கு என்ன வயது?



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அவர் பள்ளியில் உயிரியல் நடத்திய ஆசிரியர். எவ்வளவு கடினமான பாடமானாலும் தமிழில் சொல்லிப் புரியவைத்துவிடலாம் என்பதில் உறுதியாக இருந்தவர் என்று அவருடைய மாணவர்கள் சொல்வார்கள். நோய்க்கூறியல் துறைக்காரனான நானும் இன்று அந்த நம்பிக்கையோடுதான் பேச வந்திருக்கிறேன்.

முழு உடல் பரிசோதனைக்குப் போய்விட்டு வருகிறவர்களின் ஸ்கேன் அறிக்கையில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்', அதாவது கொழுப்புக் கல்லீரல், என்ற வரி இப்போது சர்வசாதாரணம். சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 100 பேருக்கு 32 பேரிடம் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் பாதிக்கும் மேல். அறிக்கையோடு வருகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். "எண்ணெயைக் குறைக்கணுமா டாக்டர்?" என்பது ஒன்று. "இந்த வயசுல இது சகஜம்தானே?" என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று அமெரிக்காவில் தடமறிந்து பார்த்தார்கள். 2005இல் வெளியான அந்த ஆய்வு சிறியதுதான், ஆனால் நுட்பமானது. ஏறத்தாழ 59 சதவீதம் உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து இரத்தம் வழியாக வந்திருந்தது. 26 சதவீதத்தைக் கல்லீரலே மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தயாரித்திருந்தது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேராக வந்தது 15 சதவீதம். ஆகவே எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு, தட்டு நிறையச் சோறும் இனிப்புக் காபியும் தொடர்ந்தால் பெரிய பயன் இராது.

இரண்டாவது கேள்விதான் என்னுடைய இன்றைய பொருள். கல்லீரலுக்கு வயதாவது என்றால் என்ன?

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தன. அதனால் காற்றில் கார்பன்-14 கூடியது. சோதனைகள் நின்ற பிறகு அது ஆண்டுக்காண்டு குறைந்துவந்தது. காற்றிலிருந்து செடிக்கும் செடியிலிருந்து நமக்கும் வரும் அந்தக் கார்பன், ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவில் பதிந்துவிடும். அதை அளந்தால் செல் பிறந்த ஆண்டைக் கணக்கிடலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஓலாஃப் பெர்க்மன் குழுவினர் 20 வயது முதல் 84 வயது வரையிலானவர்களின் கல்லீரலை இப்படி அளந்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருடைய கல்லீரலுக்கும் சராசரி வயது மூன்றுக்குச் சற்றுக் குறைவு! 84 வயதுக்காரரின் கல்லீரலும் அப்படித்தான்.

அப்படியானால் வயதானவர்களின் கல்லீரல் ஏன் எளிதில் கெடுகிறது? சராசரி என்பது எல்லாச் செல்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. பல செல்கள் ஆண்டுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்கின்றன. குரோமோசோம் தொகுதிகள் இரட்டித்துப் பெருத்த செல்கள் பத்தாண்டு வரைகூட அப்படியே இருக்கும். இவற்றுக்கு நடுவே, பிளப்பதை அடியோடு நிறுத்திவிட்டு, சாகவும் சாகாமல் தங்கிவிடும் செல்களும் உண்டு. அவற்றைத்தான் முதுமையடைந்த செல்கள் என்கிறோம்.

இப்படி ஒரு நிலை உண்டு என்பதையே உலகம் நெடுநாள் ஏற்கவில்லை. கோழிக்கருவின் இதயத்திலிருந்து எடுத்த செல்கள் முடிவில்லாமல் பிளக்கும் என்று, 1912இல் தொடங்கிய தன் சோதனையை வைத்து அலெக்சிஸ் காரல் சொல்லியிருந்தார். அவர் நோபல் பரிசு பெற்றவர். மறுத்துப் பேச ஆள் இல்லை. 1961இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் லியனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அதை உடைத்தார்கள். பலமுறை பிளந்து களைத்த ஆண் செல்களையும், அதிகம் பிளக்காத இளம் பெண் செல்களையும் ஒரே குப்பியில் கலந்து வளர்த்தார்கள். உணவு ஒன்று, சூழல் ஒன்று. சில காலம் கழித்துக் குரோமோசோம்களைப் பார்த்தால் பெண் செல்கள் மட்டுமே இருந்தன. குப்பியில் குறை இல்லை, கணக்கு செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்று நிறுவ அந்த ஒரு சோதனை போதும். மனித செல் சுமார் 50 முறை பிளந்தபின் நின்றுவிடுகிறது. அந்தக் கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது என்பதை இளம் ஆராய்ச்சியாளர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிளப்பின் எண்ணிக்கை தீர்ந்தால்தான் செல் முதுமையடையும் என்பதில்லை. டிஎன்ஏ பழுதுபட்டாலும் அடையும். கொழுப்புக் கல்லீரல் இங்கேதான் உள்ளே வருகிறது. அளவுக்கு மீறி வந்து குவியும் கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாக்கள் எரிக்க முயலும்போது வினைமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். அவை டிஎன்ஏவைச் சிதைக்கும். உடனே பி53, பி21, பி16 என்ற காவல் புரதங்கள் எழுந்து, இனிப் பிளக்காதே என்று செல்லை நிறுத்திவிடும். பழுதான செல் பிளந்தால் புற்றுநோய் வரலாம் அல்லவா?

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். ஊசியால் எடுத்த கல்லீரல் துணுக்கை மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவைப்போம். அதிலேயே கொழுப்பு கரைந்து போய்விடும். ஆகவே நுண்ணோக்கியில் தெரிவது கொழுப்பு இருந்த இடம்தான். வட்ட வட்டமாக வெள்ளை ஓட்டைகள். உட்கரு ஓரத்தில் ஒதுங்கி நசுங்கிக் கிடக்கும். அதே துணுக்கில் பி21 புரதத்தைக் காட்டும் சாயத்தை ஏற்றினால், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில உட்கருக்கள் பழுப்பேறி நிற்கும். அவற்றில் பல வழக்கத்தைவிடப் பெருத்திருக்கும். 2013இல் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியான ஆய்வில், இந்தப் பழுப்பு உட்கருக்கள் அதிகமாக இருந்தவர்களுக்குத் தழும்பும் அதிகம், பின்னாளில் நிலைமை மோசமானதும் அதிகம்.

கொழுப்பு செல்லை முதுமையாக்குகிறது, சரி. முதுமையான செல் கொழுப்பைச் சேர்க்கிறதா? 2017இல் நியூகாசில் பல்கலைக்கழகமும் மேயோ கிளினிக்கும் சேர்ந்து எலிகளில் இதைச் சோதித்தன. முதுமைச் செல்களை அகற்றியபோது கல்லீரல் கொழுப்பு குறைந்தது. கல்லீரல் செல்களை வேண்டுமென்றே முதுமையடையச் செய்தபோது கொழுப்பு ஏறியது. முதுமையடைந்த செல்லின் மைட்டோகாண்ட்ரியாக்களுக்குக் கொழுப்பை எரிக்கும் திறன் குன்றிவிடுகிறது என்பதே காரணம். போதாக்குறைக்கு இந்தச் செல்கள் அழற்சியைத் தூண்டும் புரதங்களை இடைவிடாமல் சுரக்கின்றன. பக்கத்துச் செல்லும் அதனால் முதுமையடையலாம். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் இந்தச் சுழலைச் 'சகஜம்' என்று விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் முதுமைச் செல்களை எல்லாம் மருந்தால் ஒழித்துவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். அவசரப்படக் கூடாது. கல்லீரலில் தழும்பை உண்டாக்குவது நட்சத்திர செல்கள். ஆய்வாளர் ஸ்காட் லோவின் குழுவினர் 2008இல் காட்டியது என்னவென்றால், காயம் பட்டபின் இந்த நட்சத்திர செல்கள் முதுமையடைவதால்தான் தழும்பு ஓர் அளவோடு நிற்கிறது. பிறகு நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து அவற்றைத் துப்புரவாக்குகின்றன. பூச்சு வேலைக்குக் கட்டிய சாரம் போல: வேலை நடக்கும்வரை வேண்டும், முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். 2020இல் வேறொரு குழுவினர் பி16 மிகுந்த செல்களை எலிகளிலிருந்து நீக்கியபோது, இரத்த நாளச் சுவரின் செல்களும் போய், அந்த இடம் தழும்பானது. 2017 எலிச் சோதனையில் முதுமைச் செல்களை அகற்றப் பயன்பட்ட டாசாட்டினிப், குவெர்செட்டின் கூட்டு மருந்தை 2021இல் இன்னொரு குழுவினர் பருமனான எலிகளுக்குக் கொடுத்தபோது கல்லீரல் நோய் சற்றுக் கூடவே செய்தது. டாசாட்டினிப் இரத்தப் புற்றுநோய் மருந்து. குவெர்செட்டின் வெங்காயத்தில் இருப்பது. 'முதுமையைக் கரைக்கும் மாத்திரை' என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாத்திரை தேடும் முன், கல்லீரலில் தழும்பு முற்றியிருக்கிறதா என்று அறிய நம்மவர்கள் செய்யக்கூடிய எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஃபிப்-4 என்று பெயர். வயதை ஏஎஸ்டி என்ற கல்லீரல் நொதியின் அளவால் பெருக்குங்கள். தட்டணுக்களை ஆயிரக்கணக்கில் எடுத்து (இரண்டு லட்சம் என்றால் 200), ஏஎல்டி என்ற மற்றொரு நொதி அளவின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் விடை. ஏஎஸ்டி 40, ஏஎல்டி 49, தட்டணு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதுக்காரருக்கு 1.14 வரும். 1.3க்குக் கீழே என்பதால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. இதே இரத்த அறிக்கை 60 வயதுக்காரருடையது என்றால் 1.71, தழும்பை அளவிடும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். 65ஐத் தாண்டியவர்களுக்கு அந்த 1.3ஐ 2 என்று வைத்துக்கொள்கிறார்கள். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை நம்ப முடியாது. பிறந்த தேதியைத்தான் அதற்குத் தெரியும், செல்லின் வயது தெரியாது. ஆகவே கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கும் இளைஞர்கள் 'எண் நன்றாக இருக்கிறது' என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

ஒல்லியாக இருக்கிறோம் என்ற நிம்மதியும் கூடாது. மேற்கு வங்கத்தின் கிராமப்புறத்தில் செய்து 2010இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் இருந்தவர்களில் 75 சதவீதத்தினரின் உடல் நிறை குறியீடு 25க்கும் கீழே.

கொழுப்புக் கல்லீரலைத் திருப்ப முடியும் என்பதற்கு வலுவான சான்று கியூபாவின் ஹவானாவிலிருந்து 2015இல் வந்தது. 293 பேர், 52 வாரம், உணவும் உடற்பயிற்சியும் மட்டும், தொடக்கத்திலும் முடிவிலும் திசுப் பரிசோதனை. எடையில் 10 சதவீதம் அல்லது அதற்குமேல் குறைத்தவர்களில் 90 சதவீதத்தினருக்குக் கல்லீரல் அழற்சி நோய் நீங்கியது. 45 சதவீதத்தினருக்குத் தழும்பே பின்வாங்கியது. ஒல்லியானவர்களுக்கு அவ்வளவுகூடத் தேவையில்லை. ஹாங்காங் ஆய்வில் எடை 3 முதல் 5 சதவீதம் குறைந்தபோதே பருமனற்றவர்களில் பாதிப் பேருக்குக் கல்லீரல் கொழுப்பு சீரானது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது இரண்டு, மூன்று கிலோதான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கப் போகும்போது ஏஎஸ்டி, ஏஎல்டி, தட்டணு மூன்றையும் பார்த்து ஃபிப்-4 கணக்கிட்டுச் சொல்லச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், ஸ்கேனில் கொழுப்பு என்று வந்த பிள்ளைகளும் எண் எதுவானாலும் மருத்துவரைப் பாருங்கள்.