மடை எத்தனை, தண்ணீர் எவ்வளவு



உசிலம்பட்டிப் பக்கம் மாடு வைத்திருக்கும் வீடுகளில் விடியற்காலையில் முதல் வேலை, கன்றை அவிழ்த்து விடுவது. அது தாய்மடியை நாலு முட்டு முட்டிக் குடித்ததும் பசு சுரப்பு விடும். அப்புறம்தான் செம்பை எடுப்பார்கள். வழக்கமாகக் கறக்கிற அம்மா ஊருக்குப் போயிருக்க, வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் பால் இறங்காது. "மாடு பாலை அடக்கிக்கிருச்சு" என்பார்கள்.

மடியில் உள்ள பாலை இறக்கிவிடுவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். பிரசவ வார்டில் 'வலி ஊசி' என்று சொல்லிப் போடுவதும் இதுவே. கன்றுக்குப் பதிலாக ஊசியைக் குத்திப் பால் கறக்கும் கொடுமை சில இடங்களில் உண்டே, அந்த ஊசியிலும் இதுதான். 1906-ல் ஹென்றி டேல் என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ இந்த ஹார்மோனைச் சோதனைக்கூடத்திலேயே செய்து காட்டினார். 1955-ல் நோபல் பரிசு பெற்றார். ஒன்பதே அமினோ அமிலங்கள் சேர்ந்த சின்ன மூலக்கூறு அது.

இந்த ஹார்மோன் மூளைக்குள்ளும் வேலை செய்கிறது. ஒரு முகத்தைக் கவனிப்பது, குரலை அடையாளம் காண்பது, நம்மவர் என்று ஒட்டிக்கொள்வது, இவற்றிலெல்லாம் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் எல்லார் மூளையிலும் ஒரே அளவில் அல்ல. ஏன்?

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தாலும் மடை வழியாக வந்தால்தான் வயல் நனையும். ஆக்சிடோசின் தண்ணீர் என்றால், மூளைச் செல்களில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள்தான் மடைகள். அந்த மடைகளைக் கட்டுவதற்கான குறிப்பு ஒரு மரபணுவில் இருக்கிறது. அதன்மேல் மெத்தில் என்ற சின்னஞ்சிறு வேதிக்குறிகள் வந்து ஒட்டும். மரபணுவின் எழுத்து ஒன்றுகூட மாறாது. ஆனால் குறிகள் கூடினால் பொதுவாக ஏற்பிகள் குறையும். இப்படிப்பட்ட குறிகளைப் பற்றிய படிப்புக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர்.

அந்தக் குறிகளைக் கூட்டுவதும் குறைப்பதும் எது? அமெரிக்கப் புல்வெளிகளில், ஆணும் பெண்ணும் சேர்ந்து குட்டிகளை வளர்க்கும், சுண்டெலி போன்ற ஒரு சிறு பிராணி இருக்கிறது. பெற்றோர் அதிகமாக நக்கி, தடவி வளர்த்த குட்டிகளுக்கு இந்த மரபணுவில் குறிகள் குறைவாகவும், மூளையில் ஏற்பிகள் அதிகமாகவும் இருந்ததை 2019-ல் கண்டார்கள். அதே ஆண்டு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்லீன் க்ரோல், ஜெசிகா கானலி குழுவினர் மனிதக் குழந்தைகளைப் பார்த்தார்கள். ஐந்து மாதத்தில் தாயும் பிள்ளையும் விளையாடுவதைக் கவனித்தார்கள். ஐந்தாம் மாதத்திலும் பதினெட்டாம் மாதத்திலும் பிள்ளையின் எச்சிலைச் சோதித்தார்கள். தாய் எவ்வளவு ஈடுபட்டு விளையாடினாளோ, பிள்ளைக்கு அந்தக் குறிகள் அவ்வளவு குறைந்திருந்தன. ஏழு மாதக் குழந்தைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வில், குறிகள் கூடுதலாக இருந்த பிள்ளைகளின் மூளை கோப முகத்துக்கும் பயந்த முகத்துக்கும் அதிகமாகவும், சிரித்த முகத்துக்குக் குறைவாகவும் கிளர்ந்தது.

இதைப் படித்தபோது, காலை நீட்டி உட்கார்ந்து பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் நம் அப்பத்தாக்கள்தான் என் கண்முன் வந்தார்கள். தண்ணீர் ஊற்றும் நேரம் முழுக்க அந்தப் பிள்ளையோடு பேச்சு ஓயாது. மூக்கை நீவி, கையைக் காலை உருவி, ஒரு கொஞ்சல், ஒரு அதட்டல்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். எச்சிலில் பார்த்தது அப்படியே மூளையில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. குறிகள் மாறக்கூடியவை என்பதையும் அந்த வர்ஜீனியா ஆய்வே காட்டுகிறது. ஆகவே பிள்ளை சிடுசிடுத்தால் தாயின்மேல் பழி போட இதில் யாருக்கும் இடமில்லை.

மாறாக, அந்தத் தாய்க்கு நேரம் கொடுத்தோமா என்று நம்மைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஊழியராக இருக்கும் பெண்ணுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. மிகவும் நல்ல காரியம். திருமங்கலம் பக்கம் மல்லிகை பறிக்கப் போகிற பெண்ணுக்கு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைத் தாய்க்கு 18,000 ரூபாய் மதிப்புக்குப் பணமும் பொருளும் வருகின்றன. பெரிய உதவிதான். ஆனால் அவளுக்குக் கூலி, பறிக்கிற பூவின் எடைக்குத்தான். வீட்டில் இருந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. விடுப்பு என்பது சம்பளப் பதிவேட்டில் பேர் இருப்பவர்களுக்கு மட்டும் என்று இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. மடை அமைகிற காலம் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுதான்.

அவள் வரப்போர வேப்பமரத்தில் சேலைத் தொட்டில் கட்டிவிட்டு, இருட்டோடு பூப்பறிக்க இறங்குகிறாள். வெயில் ஏறும் நேரத்தில் தொட்டிலில் பிள்ளை அழுகிறது. அவள் இன்னும் நாலு பாத்தி தள்ளி நிற்கிறாள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே அவளுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடுகிறது.