டி.வி. கோர்ட்டு நெசமா, நடிப்பா?

(தோட்டத்துப் பிள்ளைக்காம்பிராவில் நடைபெற்ற மாலைக் கூட்டமொன்றில் எமது வெளிக்களக் குழுவினர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் தருகிறோம்.)



அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டில் அடுப்புக்கூட மூட்டாமல் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். படங்கு இன்னும் இடுப்பிலேயே இருக்கிறது. அதனால் நீட்டிப் பேச மாட்டோம். போன தடவை பிள்ளைகளின் நிறை பற்றிப் பேசினோம். இன்றைக்குப் பேசப்போவது டி.வி.யைப் பற்றி. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

சில வாரங்களுக்கு முன் வேறொரு தோட்டத்தில், லயத்து வீடொன்றில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தோம். பேரப்பையன் போனில் பழைய 'சொல்வதெல்லாம் உண்மை' ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பொண்ணு அழுகிறது, புருஷன் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான், நடுவில் நிகழ்ச்சி நடத்தும் அம்மா அதட்டுகிறார். வீட்டுப் பாட்டி சொன்னார்: "நெசந்தாங்க. அந்தப் புள்ள அழுவுறதப் பாருங்க. நடிச்சா மூக்கு ஒழுகுமா?" பேரன் விடவில்லை. "எல்லாம் செட்டிங் அப்பாயி. காசு குடுத்துக் கூட்டியாறாங்க." சண்டை சூடுபிடித்தது. அப்போது பக்கத்துக் காம்பிரா சகோதரி ஒருவர், வாசற்படியில் நின்றபடியே சொன்னார்: "நெசமோ பொய்யோ போகட்டும். அந்தம்மா கேக்குற மாதிரி நம்மள உக்கார வச்சி யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. திரும்பி வரும்போது வேனில் எங்களுக்குள் அந்தக் கேள்விதான் ஓடியது. அவருக்கு என்ன பிரச்சினை என்பது பின்னால் தெரிந்தது. அதை அவருடைய அனுமதியோடு, பேரும் தோட்டமும் சொல்லாமல், கடைசியில் சொல்லுகிறோம்.

முதலில் பாட்டிக்கும் பேரனுக்கும் பதில். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி.

இந்த டி.வி. கோர்ட்டு என்ற சங்கதி அமெரிக்காவில் நெடுங்காலமாக இருக்கிறது. 1957இல் அங்கே 'டிவோர்ஸ் கோர்ட்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. விவாகரத்து வழக்குகளை நடிகர்களை வைத்து நடித்துக் காட்டினார்கள். அது முழு நாடகம். 1981இல் 'த பீப்பிள்ஸ் கோர்ட்' வந்தபோதுதான் ஆட்டம் மாறியது. அதில் வந்தவர்கள் நடிகர்கள் இல்லை. சின்னத் தொகை வழக்குகளை விசாரிக்கும் உண்மையான நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட சாதாரண சனங்கள். அவர்களிடம் போய், "அந்த வழக்கை விட்டுவிட்டு எங்களிடம் வாருங்கள், நாங்கள் தீர்த்து வைக்கிறோம்" என்று கேட்டுக் கூட்டி வந்தார்கள். தீர்ப்புச் சொன்ன ஜோசப் வாப்னர், லொஸ் ஏஞ்சலிஸில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் நெசம், சண்டை நெசம், கோபம் நெசம். பாட்டி சொன்னது சரிதானே?

ஆனால் கோர்ட்டு? கோர்ட்டு நெசமில்லை. மேசை, மரச்சட்டம், கொடி, கறுப்பு அங்கி எல்லாம் ஸ்டூடியோவில் செய்த சோடனை. அங்கே உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் அரசாங்க நீதிபதியாக உட்காரவில்லை. இரண்டு பக்கமும், "இவர் சொல்வதைக் கேட்டு நடப்போம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நடுத்தீர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறார். நம்ம ஊரில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு தலைவரிடம் போய், "நீங்க சொன்னா சரி" என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். வித்தியாசம், அங்கே அதை எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், கெமராவும் வைத்துவிடுவார்கள்.

இன்னொரு வித்தியாசம்தான் பெரியது. தோற்றவர் பணம் கட்ட வேண்டும் என்று அந்த அம்மாவோ ஐயாவோ மேசையில் தட்டிச் சொல்லுவார். நாமும், "அவன் கட்டட்டும், அப்பதான் புத்தி வரும்" என்று சந்தோஷப்படுவோம். அவன் கட்டுவதில்லை. நிகழ்ச்சி தயாரிக்கிறவர்களே அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். 1996இல் தொடங்கி 2021 வரை ஓடிய 'ஜட்ஜ் ஜூடி' உலகம் முழுக்கப் பேர்போனது. அதில் உச்சத் தொகை 5000 டொலர். அதைக் கொடுத்ததும் தயாரிப்பாளர்கள்தான். வருகிறவர்களுக்குப் போக்குவரத்து, தங்குமிடம், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு எல்லாம் உண்டு. பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டும் சனம்கூடக் கூலிக்கு வந்தவர்கள்தான். நம்ம பாஷையில் சொன்னால், உட்கார்ந்திருந்தாலே அவர்களுக்கு ஒரு பேர் விழும். கொழுந்து நிறுக்கிற தொல்லை இல்லை!

காசு கிடைக்கும், தோற்றாலும் நட்டமில்லை என்றால் சும்மா இருப்பார்களா? 2010இல் ஒளிபரப்பான 'ஜட்ஜ் ஜூடி' வழக்கு ஒன்றில், டி.வி. பெட்டி விழுந்து பூனை செத்துப்போனதாகச் சிலர் வந்து சண்டை போட்டார்கள். தீர்ப்பும் கிடைத்தது. சில வருஷம் கழித்து, அது தாங்கள் நண்பர்களாகச் சேர்ந்து கட்டிய கதை என்று அவர்களே வெளியில் சொன்னார்கள். ஆகப் பேரன் சொன்னதும் சரி.

இந்த ஜூடி அம்மா முன்பு நியூயோர்க்கில் குடும்ப நீதிமன்ற நீதிபதியாக உண்மையாகவே வேலை பார்த்தவர். சட்டம் தெரியாதவர் இல்லை. ஆனாலும் குடும்பச் சண்டை ஒன்றைத் தீர்க்கும்போது பிள்ளைகளின் பொறுப்புப் பற்றியும் ஏதோ சொல்லிவிட்டார். 1999இல் நியூயோர்க் குடும்ப நீதிமன்றம் அந்தப் பகுதி செல்லாது என்று சொல்லிவிட்டது. பணச் சண்டையைக் கையெழுத்துப் போட்டு டி.வி.யில் தீர்க்கலாம், பிள்ளை யாரிடம் இருப்பது என்பதை அப்படித் தீர்க்க முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அமெரிக்கச் சனங்கள் விவரமானவர்கள், அவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பீர்கள். 1989இல் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. டி.வி. நீதிபதி வாப்னரின் பேரை 100க்கு 54 பேர் சொன்னார்கள். அந்த நாட்டு உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதியரசர் பேரைச் சொன்னவர்கள் 100க்கு 9 பேர்! நம்மையே கேட்டுப் பார்ப்போமே. நாடகத்தில் வரும் மாமியார் பேரெல்லாம் தெரியும். நம்ம ஊர் மத்தியஸ்த சபை எங்கே, என்றைக்குக் கூடுகிறது என்று இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? பரவாயில்லை, கையைத் தூக்க வேண்டாம்.

தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வருவோம். விஜய் டி.வி.யில் நடிகை லட்சுமி நடத்திய 'கதையல்ல நிஜம்' நினைவிருக்கும். பிறகு 2011இல் ஜீ தமிழில் 'சொல்வதெல்லாம் உண்மை' தொடங்கியது. முதலில் நிர்மலா பெரியசாமி, பிறகு லட்சுமி ராமகிருஷ்ணன் நடத்தினார்கள். டிஷ் தட்டு வந்த பிறகு நம்ம லயமெல்லாம் அதைப் பார்த்தது. இங்கே அங்கியும் இல்லை, சுத்தியலும் இல்லை. பஞ்சாயத்து மாதிரி. ஆனால் பார்க்கிற நம் மனதில் அதுவும் கோர்ட்டாகத்தான் பதிகிறது. "டி.வி.யிலேயே தீர்ப்புச் சொல்லிட்டாங்க" என்று பேசிக்கொள்கிறோம். சொல்லுகிறவர் யாராக இருந்தாலும் அந்த நாற்காலிக்குச் சட்டத்தின் அதிகாரம் கிடையாது. குடும்பத்தின் அந்தரங்கத்தை இப்படி ஊருக்குக் காட்டலாமா என்று வழக்குப் போட்டு, 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்ததும் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் ஒளிபரப்பானது அழியவில்லை. அன்றைக்கு மடியில் இருந்த பிள்ளை இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகும். அதன் தாய் அழுததை வகுப்புப் பிள்ளைகள் போனில் பார்க்கலாம்.

இனி, நாங்கள் ஏன் இதைக் கூட்டம் வைத்துப் பேசுகிறோம்?

ஒரு தோட்டத்தில் இரவுக் காவல் பார்த்த ஒருவரைக் களவு என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கையில் கடிதமும் கொடுத்தார்கள். அவர் செய்யவில்லை என்பது அவருடைய வாதம். லயத்துப் பிள்ளைகள், "மாமா, வீடியோ எடுத்து மீடியாவுக்குப் போடுவோம், டி.வி.யில வந்தா தொரை தன்னால கூப்பிடுவாரு" என்றார்கள். எடுத்தார்கள், போட்டார்கள். நிறையப் பேர் பார்த்தார்கள், பரிதாபப்பட்டார்கள். அவரும் கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று இருந்தார். எங்களிடம் அந்தக் கடிதத்தைக் கொண்டு வந்தபோது எட்டு மாதம் முடிந்திருந்தது.

வேலையிலிருந்து நிறுத்தியது நியாயமில்லை என்று தொழில் நியாய சபையில், அதாவது லேபர் டிரிபியூனலில், முறையிட நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது. அவருக்கு இரண்டு மாதம் பிந்திவிட்டது. பிள்ளைகளைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அந்தத் தோட்டத்துக்கு அதற்கு முன் மூன்று தடவை போயிருக்கிறோம். போஷாக்கைப் பேசினோம், கழிவறையைப் பேசினோம், இந்த ஆறு மாதத்தை ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அந்த வாசற்படிச் சகோதரி. புருஷன் கொழும்பில் வேலை. இரண்டு பிள்ளை. வருஷக்கணக்காகக் காசு வரவில்லை. தாபரிப்பு வழக்குப் போடச் சொல்லி அவருக்கு யாரோ முன்பே சொல்லியிருக்கிறார்கள். அவர் போகவில்லை. ஏன் என்று கேட்டோம். "அங்கயும் இப்புடித்தானேங்க நடுவுல நிக்க வச்சி, எல்லாரும் பாக்க, நீ ஏன் அப்புடி செஞ்ச இப்புடி செஞ்சன்னு கேப்பாங்க? எனக்கு மானம் இருக்குங்க." அவருக்குத் தெரிந்த கோர்ட்டு அந்தப் போனுக்குள் இருக்கும் கோர்ட்டுதான்.

ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம். உண்மையான நீதவான் நீதிமன்றத்திலும் சனம் இருக்கும், அது திறந்த இடம்தான். ஆனால் கெமரா கிடையாது. உங்கள் கண்ணீரைக் கிட்டத்தில் காட்ட அங்கே ஆளில்லை. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தின்படி முக்கியமாகப் பார்ப்பது, அவர் பிள்ளைகளின் தகப்பனா, அவருக்கு வருமானம் இருக்கிறதா, இருந்தும் கவனிக்காமல் விட்டாரா என்பதைத்தான். கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரம், அவர் வேலை செய்யும் இடத்தின் விபரம், இவைதான் பேசும். சுவாரசியம் ஒன்றும் இருக்காது. காலையில் போனால் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார வேண்டி வரும். தவணை போடுவார்கள். ஒருநாட் சம்பளம் போகும், பஸ் காசு போகும். டி.வி.யில் இடைவேளை போக அரைமணியில் முடிகிற சங்கதி இங்கே மாதக்கணக்கில் இழுக்கும். இதை மறைத்து உங்களைக் கூட்டிப்போனால் இரண்டாம் தவணையோடு விட்டுவிடுவீர்கள். ஆனால் அங்கே ஒரு கட்டளை வந்தால், புருஷன் அதை மீறினால் சட்டம் அவரைத் தேடி வரும். ஸ்டூடியோவிலிருந்து யாரும் வர மாட்டார்கள்.

பாஷை என்று ஒன்று இருக்கிறது. டி.வி. பஞ்சாயத்து நமக்கு ஏன் பிடிக்கிறது? அங்கே தமிழில் கேட்கிறார்கள், தமிழில் திட்டுகிறார்கள், தமிழில் முடிக்கிறார்கள். நம்ம மலைநாட்டு நீதிமன்றங்களில் நடவடிக்கை சிங்களத்தில் நடக்கிறது. என்ன நடந்ததென்று தெரியாமலே வெளியில் வந்து, "லோயர் ஐயா என்னமோ சொன்னாருங்க" என்று நின்றவர்களைப் பார்த்திருக்கிறோம். இது நம்ம சனத்தின் நெசமான குறை, பேரன்கூட இதைச் செட்டிங் என்று சொல்ல மாட்டான். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளரைத் தருவது அரசாங்கத்தின் பொறுப்பு. வெட்கப்படாமல் கேளுங்கள். "எனக்குச் சிங்களம் விளங்காது, தமிழில் சொல்லுங்கள்" என்றால் போதும்.

வேலிச் சண்டை, கைமாற்றுக் கடன், வாய்த்தகராறு மாதிரி விஷயங்களுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. இணக்க சபை என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைக் கட்டடத்திலோ வேறு பொது இடத்திலோ கூடும். லோயர் தேவையில்லை. மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு பக்கத்தையும் பேசவைத்து ஒத்துவரப் பார்ப்பார்கள். ஒத்துவந்தால் எழுதிக் கொடுப்பார்கள். வராவிட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். வீட்டில் அடி உதை என்றால் அது வேறு. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். லோயருக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பல நீதிமன்ற நகரங்களில் அதற்குக் காரியாலயம் உண்டு.

அந்தச் சகோதரியோடு நாங்கள் மூன்று தவணைக்குப் போய்விட்டோம். வழக்கு முடியவில்லை. இரண்டாம் தவணையில் அவரே எழுந்து தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வர ஒன்றரை மணித்தியாலம் ஆனது, வந்தார். திரும்பும்போது பஸ்ஸில், "அந்த ஐயா என்னப் பாத்து ஒரு சத்தம் போடலிங்களே" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்ப இங்கே வருவோம். வேலையிலிருந்து நிறுத்திய கடிதம் யாரிடமாவது இருந்தால் மடித்துப் பெட்டிக்குள் வைக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். அது வரைக்கும் பொறுக்க முடியாது, ஆறு மாதம் நெருங்கிவிட்டது என்றால், இப்போதே, வேன் போவதற்கு முன் எங்களைப் பிடியுங்கள். முதலில் தேதியைப் பார்ப்போம்.